முதன்முதலா மோட்டார் சைக்கிள் ஓடப் போற ஆக்கள் அடிக்கடி கேக்கிற கேள்விகள் (மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆக்களுக்கு)

நம்மட பக்கத்துல பைக் பழகுறது எண்டா பெரும்பாலும் இப்பிடித்தான் நடக்குது, மாமாவோ மச்சானோ பின்னுக்கு ஏறி இருந்துகொண்டு "விடு விடு, கிளச்ச விடு" எண்டு கத்துவாரு, பைக் ஒரு குலுக்குக் குலுக்கிப் பாயும், அடுத்த கிழமை ஆள் தனிய கடைக்குப் போய் வரும். ஓடப் பழகியாச்சு. நிப்பாட்டப் பழகினதா எண்டு கேட்டா இல்ல. அதனாலதான் கீழ இருக்கிற பதில்கள்ல பிரேக், கிளச், மெதுவா ஓடுறது இந்த மூண்டுக்கும் கூட இடம் குடுத்திருக்கன். வேகம் தானா வரும், அத ஒருத்தரும் சொல்லித் தரத் தேவல்ல.

ஸ்கூட்டியில தொடங்குறதா, கியர் பைக்கிலயா?

ரெண்டும் சரி. வீட்டுல என்ன இருக்கோ, நாளைக்கு எத ஓடப் போறீங்களோ அதுலயே பழகுங்க. கியர் பைக் எண்டா நூறு சிசி மாதிரி பாரம் குறைஞ்சதுல தொடங்கினா நல்லம், இருந்துகொண்டே ரெண்டு பாதமும் நிலத்துல ஒழுங்காப் படணும். நூற்றம்பது சிசிக்கு மேல இருக்கிற பாரமான பைக்க முதல் நாளே எடுக்க வேணாம், அது மெதுவா போகக்குள்ள ஒரு பக்கம் சரிஞ்சா புது ஆளால பிடிக்க ஏலா. ஸ்கூட்டியில கிளச் இல்ல, அது லேசு. ஆனா ஒரு ஆபத்து இருக்கு. வலது கையால அக்சிலேட்டரப் பிடிச்சபடி இறங்கி உருட்டக்குள்ள கை தன்னால முறுகும், ஸ்கூட்டி ஆளையும் இழுத்துக்கொண்டு மதிலுக்குப் போயிரும். அதனால ஸ்கூட்டிய உருட்டுறதுக்கு முதல் சாவிய ஓஃப் பண்ணுங்க, எப்பவும்.

லைசன்ஸ் இல்லாம பழகலாமா?

ரோட்டுல பழகுறதுக்குப் பழகுனர் அனுமதிப்பத்திரம் வேணும், பைக்குல எல் போர்ட் போடணும். லைசன்ஸ் எடுக்க வயசு 18 ஆகியிருக்கணும். லைசன்ஸ்ல ரெண்டு வகுப்பு இருக்கு, நூறு சிசி வரைக்கும் ஏ1, அதுக்கு மேல ஏ. இதுல கன பேர் பிழை விடுற இடம் ஸ்கூட்டிதான், "சின்னது தானே" எண்டு நினைக்கிறாங்க, ஆனா டியோ மாதிரி இப்ப ஓடுற கன ஸ்கூட்டி நூறு சிசிக்கு மேல, அதுக்கு ஏ வேணும். எழுத்துப் பரீட்சைய முடிச்சிட்டு ட்ரயலுக்கு, அதாவது ஓடிக் காட்டுற பரீட்சைக்குப் போனா எட்டுப் போடச் சொல்லுவாங்க, கால் நிலத்துல வைக்காம. அந்த எட்ட வேகமா போட ஏலா, கிளச்சப் பாதி பிடிச்சு மெதுவாத்தான் போடலாம். அப்ப ட்ரயலுக்கும் சேர்த்துத்தான் கீழ இருக்கிறதெல்லாம்.

எங்க போய் பழகுறது?

பின்னேரம் ஆள் இல்லாத விளையாட்டு மைதானம், இல்லாட்டி வீடு குறைஞ்ச கொங்கிரீட் ஒழுங்கை. கடற்கரை மணல்ல வேணாம், "விழுந்தா நோகாது" எண்டு சொல்லிக் கூட்டிப் போவாங்க, ஆனா மணல்ல பைக் ஒழுங்காவே போகாது, அதுல பழகினா கைய இறுக்கிப் பிடிக்கிற பழக்கம்தான் வரும். சொல்லித் தாற ஆள் பின்னுக்கு ஏறாம பக்கத்துல நடந்து வரணும். பின்னுக்கு ஒரு ஆள் இருந்தா பைக்கோட நிறையே மாறிரும், புது ஆளுக்கு எது தன்ட பிழை எது பின்னுக்கு இருக்கிறவர் அசைஞ்சது எண்டே விளங்காது.

ஏறி இருந்ததும் எது எது எங்க இருக்கு?

வலது கையில அக்சிலேட்டரும் முன் பிரேக்கும். வலது காலுல பின் பிரேக். இடது கையில கிளச், இடது காலுல கியர். ஸ்கூட்டி எண்டா வலது கையில முன் பிரேக், இடது கையில பின் பிரேக், காலுக்கு வேலை இல்ல. எஞ்சின ஸ்டார்ட் பண்ணாமலே ஒரு பத்து நிமிசம் இருந்து கண்ண மூடிக்கொண்டு "முன் பிரேக்", "கிளச்" எண்டு ஒராள் சொல்லச் சொல்லத் தொட்டுப் பாருங்க. பிறகு ரெண்டு பக்கத்துக் கண்ணாடியையும் உங்கட உயரத்துக்குத் திருப்புங்க. கண்ணாடியக் கழட்டிப் போட்டு ஓடுறது நம்மட பொடியன்மார்ட்ட ஒரு ஸ்டைல், பின்னுக்கு வாற பஸ்ஸ அவங்க காணவே மாட்டாங்க.

ஸ்டார்ட் எடுக்கப் பாத்தா பைக் ஸ்டார்ட் ஆகுதில்லயே?

முதல்ல வலது கைப்பக்கம் இருக்கிற சிவப்புச் சுவிட்ச் ஓஃப்ல கிடக்கா எண்டு பாருங்க, பாதிக் கேசு அதுதான். பழைய பைக் எண்டா டாங்குக்குக் கீழ பெற்றோல் டெப் மூடிக் கிடக்கும், ரிசேர்வுல விட்டுப் பாருங்க. மழை காலத்துக் காலையில சோக் இழுக்கணும், சூடானதும் மறக்காம விட்டுருங்க. நியூட்ரல்ல, அதாவது ஒரு கியரும் விழாம இருக்கா எண்டு பச்சை லைட்டப் பாருங்க, லைட் பழுது எண்டா பைக்க முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டிப் பாருங்க. ஸ்டார்ட் ஆனதும் சைட் ஸ்டாண்ட மடிங்க. இத நான் தனியாச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, ஸ்டாண்ட் கீழ தொங்கினபடி போய் இடது பக்கம் திரும்பினா அது நிலத்துல குத்தி ஆளத் தூக்கி எறியும்.

கிளச்ச விட்டதும் பைக் குலுங்கி நிண்டிருது, என்ன செய்யுறது?

எல்லாருக்கும் இது நடக்கும், பைக்குல பழுது இல்ல, கிளச்ச ஒரேயடியா விடுறதுதான் பிழை. இப்பிடிச் செஞ்சு பாருங்க. கிளச்ச முழுசாப் பிடிச்சு முதலாம் கியரப் போட்டிட்டு, அக்சிலேட்டரத் தொடவே தொடாம, கிளச்ச மட்டும் கொஞ்சம் கொஞ்சமா விடுங்க. ஒரு இடம் வரும், எஞ்சின்ட சத்தம் அப்பிடியே தணியும், பைக் உடம்பு ஒரு சின்ன இழுவை இழுக்கும், சில்லு அரை அடி நகரும். அந்த இடத்துலயே விரல நிப்பாட்டுங்க. மேலயும் விடாதீங்க, திரும்பவும் பிடிக்காதீங்க. பைக் தன்பாட்டுல மெதுவா உருளும், நீங்க கால நிலத்துல உரசிக்கொண்டு கூடவே நடக்கலாம். கொஞ்சம் போனதும் கிளச்சப் பிடிச்சுப் பிரேக் போட்டு நிப்பாட்டுங்க. இது மட்டும்தான் முதல் நாள் பாடம். மைதானத்துல இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் உருட்டுறது, நிப்பாட்டுறது, திரும்ப உருட்டுறது. பாக்கிறவங்களுக்கு அலுப்பா இருக்கும், "இன்னும் ரெண்டாம் கியருக்கே போகல்லயா" எண்டு கேப்பாங்க, கேக்கட்டும். அந்த இழுக்கிற இடம் விரலுக்குப் பழகிட்டுது எண்டா சந்தியில நெருக்கத்துல போறது, எட்டுப் போடுறது, வளவுக்குள்ள திருப்புறது எல்லாம் அதுலயே வந்திரும்.

பழகிற ஆளிட கையப் பாருங்க, விரல் மூட்டெல்லாம் வெளிறிப் போய் இருந்தா கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சிருக்காங்க எண்டு அர்த்தம். தோளத் தளர விடச் சொல்லுங்க. இறுக்கின கையால கிளச்ச மெதுவா விட ஏலா.

எந்தப் பிரேக்கப் பிடிக்கிறது? முன் பிரேக் பிடிச்சா தலை குத்தி விழுவம் எண்டு சொல்றாங்களே?

எனக்கு ஆகக் கவலையான கேள்வி இதுதான், ஏனெண்டா அந்தப் பயத்தால நம்மட ஊருல பாதிப் பேர் முன் பிரேக்கத் தொடாமலே வருசக்கணக்கா ஓடுறாங்க. பிரேக் போடக்குள்ள பைக்கோட பாரமெல்லாம் முன் சில்லுக்கு வரும், பின் சில்லு லேசாகும். அப்ப ரோட்ட இறுக்கிப் பிடிக்கிறது முன் சில்லுதான், நிப்பாட்டுற பலத்துல பெரிய பங்கு அங்கதான் இருக்கு. பின் பிரேக்க மட்டும் மிதிச்சா பின் சில்லு லொக் ஆகி, வால் ஒரு பக்கம் போகும், பைக் நிக்கவும் நிக்காது. விழுத்துறது முன் பிரேக் இல்ல, முன் பிரேக்கப் படக்கெண்டு பிடிக்கிறதுதான்.

தேசிக்காய் புழியிற மாதிரி பிடிங்க, முதல்ல மெல்ல, முன் பக்கம் அமருறது தெரிஞ்சதும் இறுக்கமா. பின் பிரேக்கும் கூடவே லேசா. பைக் நேரா இருக்கணும், ஹேண்டில் திரும்பி இருக்கக்குள்ள முன் பிரேக் பிடிச்சா விழுறது நிச்சயம். மணல்லயும் கிறவல்லயும் முன் பிரேக்க மிச்சம் கவனமா, பின் பிரேக்கக் கூடப் பாவிச்சு நிப்பாட்டுங்க.

இத மைதானத்துல செஞ்சு பாக்கணும். ஒரு செங்கல்லயோ செருப்பையோ வைச்சு, அதுக்கு நேர வந்ததும் பிரேக் போடத் தொடங்குங்க, எங்க போய் நிக்குது எண்டு பாருங்க. முதல்ல பத்துப் பதினைஞ்சு கிலோமீற்றர் வேகத்துல, பிறகு இருபது, பிறகு முப்பது. முப்பதுல நிக்கிற தூரம் பதினைஞ்சுல நிக்கிறதப் போல ரெண்டு மடங்கு இல்ல, பிரேக் போட்டதுக்குப் பிறகு போற தூரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. சொல்லிக் குடுத்தா ஒருத்தரும் நம்புறதில்ல, செங்கல்லுல இருந்து காலடியால அளந்து பாத்தாத்தான் நம்புவாங்க. ஐம்பதுல போகக்குள்ள ஒரு செக்கனுக்கு 14 மீற்றர் போறீங்க, கண் கண்டு கை பிரேக்குக்குப் போறதுக்கு முதலே அந்த 14 மீற்றர் முடிஞ்சிரும்.

பின் சில்லு சறுக்கினா காலத் தளர்த்துங்க. ஏபிஎஸ் (சில்லு லொக் ஆகாமப் பாக்கிற அமைப்பு) உள்ள பைக் எண்டா லீவர் துடிக்கும், பயந்து விட்டிராதீங்க. நிக்கப் போற கடைசி நேரம் கிளச்சப் பிடிக்கணும், இல்லாட்டி எஞ்சின் நிண்டிரும்.

கியர் எப்ப மாத்துறது?

கன பைக்குல ஒண்டு கீழ, மிச்சம் மேல, நடுவுல நியூட்ரல். சில சின்ன பைக்குல எல்லாமே முன்னால மிதிக்கிறது. இரவல் பைக் எடுக்கக்குள்ள கேட்டுட்டு எடுங்க. எப்ப மாத்துறது எண்டதுக்கு எஞ்சின் சத்தம்தான் பதில், கத்தினா மேல போடுங்க, திணறினா கீழ போடுங்க. மாத்தக்குள்ள அக்சிலேட்டர விட்டுட்டுக் கிளச், கியர், பிறகு கிளச்ச விட்டு அக்சிலேட்டர். நிக்க வரக்குள்ள ஒவ்வொண்டாக் குறைச்சுக்கொண்டு வாங்க, நாலாம் கியர்ல வந்து சந்தியில நிண்டா திரும்ப எடுக்க ஏலாம நடு ரோட்டுல நிப்பீங்க. நியூட்ரல்ல போட்டு உருட்டிக்கொண்டு போறது பெற்றோல் மிச்சம் எண்டு சொல்லுவாங்க, வேணாம், எஞ்சின் இழுத்துப் பிடிக்கிற பலம் இல்லாமப் போயிரும்.

திரும்பக்குள்ள வெளியால போயிருது, ஏன்?

முன் சில்லப் பாத்துக்கொண்டு ஓடுறீங்க. கண் எங்க போகுதோ பைக் அங்கதான் போகும், குழியப் பாத்தா குழிக்குள்ள, மதிலப் பாத்தா மதிலுக்கு. திரும்பி முடிக்கிற இடத்தப் பாருங்க. வேகத்த வளைவுக்கு முதல் குறைங்க, வளைவுக்குள்ள குறைக்காதீங்க. கொஞ்சம் வேகமாப் போகக்குள்ள இடது பக்கம் சரிய வேணும் எண்டா இடது கைப்பிடிய மெல்ல முன்னுக்குத் தள்ளுங்க, பைக் இடதுக்குச் சாயும். முதல்ல தலைகீழாத் தெரியும், நேர் ரோட்டுல நாப்பதுல போகக்குள்ள மெல்லச் செஞ்சு பாத்தா விளங்கும்.

பாலத்து ஏத்தத்துல நிண்டா பின்னுக்கு வழுகுது?

நம்மட பக்கம் மலை இல்லாததால ஏத்தத்துல எடுக்கப் பழகாமலே கன பேர் லைசன்ஸ் எடுத்திருவாங்க, பிறகு ஏதாச்சும் பாலத்துக்கு ஏறுற இடத்துல முன்னுக்கு லொறி நிண்டா தடுமாறுவாங்க. பின் பிரேக்க மிதிச்சுக்கொண்டு இடது கால நிலத்துல வைங்க. கொஞ்சம் அக்சிலேட்டர் குடுத்து, கிளச்ச அந்த இழுக்கிற இடம் வரைக்கும் விடுங்க, பைக் முன்னுக்குப் போகப் பாக்குது எண்டு தெரிஞ்சதும் பிரேக்க விடுங்க. கல்லடிப் பாலத்துலயும் மண்முனைப் பாலத்துலயும் இன்னொரு விசயம் காத்து. வாவிப் பக்கத்துல இருந்து குறுக்க அடிக்கும், பாரம் குறைஞ்ச ஸ்கூட்டிய ஒரு அடி தள்ளிரும். ஓரத்தோட ஒட்டி ஓடாதீங்க, வேகத்தக் குறைச்சுக் கைய இறுக்காம போங்க. பெரிய பஸ் பக்கத்தால போகக்குள்ள காத்து ஒரு நிமிசம் மறைஞ்சு பிறகு திரும்ப அடிக்கும், அத எதிர்பார்த்து இருங்க.

ரோட்டோரத்து மணல்?

காப்பட் ரோட்டுல ஓரத்துல மெல்லிசா மணல் படிஞ்சு கிடக்கும், ஒழுங்கையில இருந்து மெயின் ரோட்டுக்கு ஏறுற வாயில கட்டாயம் கிடக்கும். அது மேல சாஞ்சு திரும்பாதீங்க, பிரேக் போடாதீங்க. மணல் ஒழுங்கைக்குள்ளயே போகணும் எண்டா சின்னக் கியர்ல, அக்சிலேட்டர விடாம ஒரே அளவா, ஹேண்டில் கொஞ்சம் ஆடினாலும் அத ஆட விட்டுக்கொண்டு போங்க.

மாரி மழைக்குள்ள ஓடலாமா?

பழகி முதல் மாரியில கூடுமான வரைக்கும் தவிருங்க. ஓடத்தான் வேணும் எண்டா, மழை தொடங்கின முதல் கொஞ்ச நேரம்தான் ஆக வழுக்கும், ரோட்டுல கிடந்த எண்ணெயும் தூசியும் மிதக்கிற நேரம். வெள்ளைக் கோட்டு மேல பிரேக் போடாதீங்க. ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலைப் பக்கம் ரெயில் கடவை தாண்டக்குள்ள நனைஞ்ச தண்டவாளத்தக் கிட்டத்தட்ட நேர் குறுக்க கடக்கணும், சரிவாக் கடந்தா சில்லு தண்டவாளத்தோட போயிரும்.

வெள்ளம் ரோட்ட மூடி ஓடுது எண்டா திரும்பிருங்க. படுவான்கரைப் பக்கம் ரோட்டுக்கு மேலால தண்ணி பாயக்குள்ள ரோட்டு ஓரம் எது, அரிச்சு வெட்டுண்ட இடம் எது எண்டு தெரியாது, உங்களுக்கு முன்னால உழவு மெசின் போனதப் பாத்திட்டுப் பைக்க விடாதீங்க.

வெட்டு நேரம் ரோட்டுல நெல்லுக் காயப் போடுறாங்க, மாடு படுக்குது, என்ன செய்யுறது?

ஊருக்குள்ள ஓடுறவங்களுக்கு இதுதான் உண்மையான பாடம். நெல்லு ஆயிரக்கணக்கான சின்ன உருண்டை, அது மேல டயர் பிடிக்காது. அக்கரைப்பற்று, சம்மாந்துறை, வெல்லாவெளி எண்டு எங்க போனாலும் அறுவடை நேரம் ரோட்டுல பாதி நெல்லா இருக்கும். தூரத்துல இருந்தே வேகத்தக் குறைச்சு, எதிர்ல வாற வாகனத்த விட்டுட்டு, தெளிவான பக்கத்தால போங்க. நெல்லு மேலதான் போகணும் எண்டா நேரா, பிரேக்கும் போடாம, ஹேண்டிலையும் திருப்பாமப் போங்க. வைக்கோலும் அப்பிடித்தான்.

மாடு ஒண்டு ரோட்டக் கடந்தா அடுத்தது வரும் எண்டு நினைச்சுக்கொள்ளுங்க, கண்டு தாய்க்குப் பின்னால ஓடி வரும். மாட்டுக்குப் பின் பக்கத்தால போங்க, முன்னால போகாதீங்க. நாய் துரத்தினா வேகத்தக் கூட்டித் தப்பப் பாக்காதீங்க, கால உதைக்கவும் வேணாம், ஒரே வேகத்துல நேரா போனா அது விட்டிரும். பொழுதுபடக்குள்ள வயல் பக்கத்துல பூச்சி கண்ணுக்குள்ள அடிக்கும், ஹெல்மெட் கண்ணாடிய இறக்கி விடுங்க.

இரவில?

முதல் சில மாசம் வேணாம். உழவு மெசின் பெட்டி பின் லைட் இல்லாமப் போகும், கறுப்பு எருமை இருட்டுல தெரியவே தெரியாது. உன்னிச்சை, வவுணதீவு, இங்கினியாகலைப் பக்கம் யானை ரோட்டுக்கு வரும், கண்டா தூரத்துலயே நிண்டு திரும்பிருங்க, ஹோர்ன் அடிச்சு லைட் அடிச்சு விரட்டப் பாக்காதீங்க.

மெயின் ரோட்டுக்கு எப்ப போகலாம்?

யோசிக்காமலே நிப்பாட்ட வந்ததும். கொழும்பில இருந்து பொத்துவில், கல்முனையால வந்து மட்டக்களப்பில முடியிற ஏ4 ரோட்டு நம்மட ஊருகளுக்கு நடுவாலதான் போகுது, பஸ்ஸும் போகும் ஓட்டோவும் போகும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கடக்கும். ஊருக்குள்ள மோட்டார் சைக்கிளுக்கு 50, ஊருக்கு வெளிய 70 எண்டதுதான் சட்டம், புது ஆளுக்கு 40 காணும். முன்னுக்குப் போற வாகனம் ஒரு கரண்ட் போஸ்டத் தாண்டினதும் எண்ணத் தொடங்குங்க, நீங்க அதே போஸ்டுக்கு வர ரெண்டு செக்கனாவது ஆகணும், மழை எண்டா நாலு. காத்தான்குடியில நடுவுல ஈத்த மரம் வைச்ச ரோட்டுல, இடைவெளியால திரும்புற வாகனம் மரத்துக்குப் பின்னால இருந்துதான் வெளிப்படும், ஒவ்வொரு இடைவெளியிலயும் விரல முன் பிரேக் மேல வைச்சுக்கொண்டு போங்க. நிண்ட பஸ்ஸுக்கு இடது பக்கத்தால போகாதீங்க, ஆள் இறங்கும்.

சாறி, ஷால், அபாயாவோட போகலாமா?

போகலாம், ஆனா துணி சில்லுக்கும் செயினுக்கும் போகாமப் பாக்கணும். ஷாலப் பின்னால பறக்க விடாதீங்க, முன்னால முடிஞ்சு உடுப்புக்குள்ள சொருகுங்க. பின்னால சாறியோட இருக்கிற ஆளிட முந்தானைய ஏறினதும் ஓடுறவர் ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டு எடுங்க. பின் சில்லுக்குப் பக்கத்துல சாறி கார்ட் இருக்கும், அழகுக்கு எண்டு கழட்டிப் போட வேணாம். பின்னுக்கு ஒராள்தான், சின்னப் பிள்ளைய டாங்க் மேல முன்னுக்கு வைக்காதீங்க, பிரேக் போட்டா பிள்ளைதான் முதல்ல ஹேண்டில்ல மோதும்.

ஹெல்மெட் எப்பிடிப் பாத்து வாங்குறது?

எஸ்எல்எஸ் எண்ட இலங்கைத் தர அடையாளம் உள்ளதா வாங்குங்க. போட்டுப் பட்டிய மாட்டித் தலைய ஆட்டிப் பாருங்க, ஹெல்மெட் தனிய ஆடினா பெரிசு. பின்னால இருந்து முன்னுக்குத் தள்ளிப் பாருங்க, கழண்டா அது வேலைக்கு ஆகாது. பட்டி மாட்டாத ஹெல்மெட் விழக்குள்ள தலைக்கு முதல் போயிரும். பின்னுக்கு இருக்கிறவருக்கும் கட்டாயம். ஒருக்கா பலமா அடிபட்டத திரும்பப் பாவிக்காதீங்க.

பைக்க எப்பிடிப் பாத்துக்கொள்ளுறது?

கிழமைக்கு ஒருக்கா டயர் காத்து, சூடாகுறதுக்கு முதல் பாக்கணும், அளவு செயின் கவர்லயோ பக்கத்து ஸ்டிக்கர்லயோ இருக்கும். செயினக் கீழால தூக்கிப் பாருங்க, ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் ஆடினா சரி, கூட ஆடினா கராஜுக்கு. கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்கள் செயினுக்கு எண்ணெய் போடுறதக் கூட்டணும், உப்புக் காத்து கெதியாத் துருப்பிடிக்க வைக்கும். எஞ்சின் ஒயில பைக்க நிமித்தி வைச்சுப் பாருங்க, சைட் ஸ்டாண்ட்ல சரிஞ்சபடி பாத்தா அளவு பிழைக்கும். இன்சூரன்ஸும் வருமான அனுமதிப்பத்திரமும் கையில இருக்கட்டும்.

விழுந்தா?

முதல்ல ரோட்ட விட்டு நீங்க விலகுங்க, பைக் பிறகு. சாவிய ஓஃப் பண்ணுங்க, பெற்றோல் மணந்தா ஒருத்தரும் பத்த வைக்காமப் பாருங்க. தூக்கக்குள்ள விழுந்த பக்கத்துல நிண்டு, இடுப்ப வளைக்காம முழங்கால மடிச்சுத் தூக்குங்க, வலது பக்கம் விழுந்திருந்தா தூக்குறதுக்கு முதல் சைட் ஸ்டாண்ட இழுத்து வைச்சிருங்க, இல்லாட்டி மற்றப் பக்கம் சரியும். பிரேக் லீவர் வளைஞ்சிருக்கா, பெடல் உள்ளுக்குப் போயிருக்கா, ஹேண்டில் சில்லோட நேரா இருக்கா, பிரேக் பிடிக்குதா, இத நாலையும் பாத்திட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுறது. தலையில அடிபட்டிருந்தா, சும்மா லேசா எண்டாலும், ஓடிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீங்க, ஒராளக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, பைக்க பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போகலாம்.